தளபதி பிடுங்கிய நல்ல பல்

24 ஆகஸ்ட் 1945, வெள்ளி

மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே தளபதி வூ சிரித்துவிட்டார். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

அத்தை சொன்னது இவ்வளவுதான்: "இந்த மூஞ்சியப் பாத்தா சப்பான்காரன் மூணு வருசம் நடுங்கினான்?" அதை மலாயில் திருப்பிச் சொல்ல, படையின் மொழிபெயர்ப்பாளர் தோழர் பெரியண்ணன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் தளபதியின் உதட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தங்கப்பல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிறகு பெரியண்ணன், "உங்கள் வீரத்தைப் புகழ்கிறாள்" என்று மலாயில் சொன்னார். தளபதி மரியாதைக்காக இன்னொரு முறை சிரித்தார்.

சப்பான்காரன் தோற்று ஒன்பது நாளாகிறது. வெள்ளைக்காரன் இன்னும் திரும்பி வரவில்லை. நடுவில் மலாயாக் காட்டிலிருந்து சீனர்களின் படை இறங்கி, துரை பங்களாவில் கொடி கட்டியிருக்கிறது. அதன் தளபதிதான் வூ. ஏழடி உயரம், சீனாவில் பதினைந்து வயதிலேயே ஆயிரம் பேரை நடத்தியவர் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. பார்த்தால் முப்பது வயசு இருக்கும். அத்தையின் தோள் உயரம்.

எங்கள் அப்பா அங்கமுத்து கங்காணியை ரப்பர் உலர்த்தும் கொட்டகையில் பூட்டிவைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் இரண்டாம் தேதி, திடலில் மக்கள் விசாரணை. பக்கத்துத் தோட்டத்தில் விசாரணை முடிந்த அன்றே அலுவலகக் கணக்கு எழுதும் கிராணியைச் சுட்டுவிட்டார்கள். சப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் பாதை போட நாற்பது பேர் பெயரைக் கொடுத்தார் என்பதல்ல அப்பா மேல் குற்றம். அதை எல்லாத் தோட்டத்துக் கங்காணிகளும் செய்தார்கள். பட்டியலிலேயே இல்லாத எட்டுப் பேரைக் கைகாட்டிப் பிடித்துக் கொடுத்தார் என்பதுதான் குற்றம். அந்த எட்டில் ஒருவர் எங்கள் தேவசகாயம் வாத்தியார். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு இல்லை. அதனால் பழி தீர்த்துக்கொண்டார் என்கிறார்கள்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்பாவுக்காகக் கெஞ்சத்தான் நானும் அத்தையும் பங்களாவுக்குப் போனோம். தளபதியின் வாழ்க்கை சீனத்தில் அச்சாகிவிட்டதாம். விசாரணைக்கு முன் தமிழர்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், எழுத ஆள் இல்லை என்று பெரியண்ணன் குறைப்பட்டார். உடனே அத்தை, "எங்க செங்கமலம் முத்து முத்தா எழுதும்" என்றாள். நான் அவள் முந்தானையை இழுத்தேன். "பாருங்க, கூச்சப்படுறா" என்றாள்.

ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். அதில் பத்துத் தாளை இப்படி எனக்காக எழுதிக்கொள்ள எடுத்துக்கொண்டேன். முப்பது வயதுக்காரருக்கு அவ்வளவு நீள வாழ்க்கை இருக்காது.

25 ஆகஸ்ட், சனி

தளபதி மலாயில் சொல்கிறார். பெரியண்ணன் தமிழில் சொல்கிறார். நான் எழுதுகிறேன். படைக்கு வருவதற்கு முன் பெரியண்ணன் லாரி ஓட்டியவர். சிறிய சாமானைக் கொடுத்தாலும் பெரிய பாரமாக்கித்தான் இறக்குவார்.

தளபதி சொன்னது: "எனக்குப் பதினாலு வயது. விவசாயிகள் ஊர்வலத்தில் சேகண்டி அடித்தேன்."

பெரியண்ணன் சொன்னது: "பதினான்காம் வயதிலேயே உழைக்கும் வர்க்கத்தின் முன்னணியில் நின்று புரட்சிப் படையை முழங்கவைத்தார்."

எனக்குச் சந்தை மலாய் தெரியும். சேகண்டி என்றே எழுதினேன். பெரியண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணா இருக்கு?"

நான் தளபதியைக் கையால் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கப்பல் தெரிந்தது.

நிலக்கிழார்களின் ஆட்கள் அந்த ஊர்வலத்தைக் கலைத்து, தளபதியின் அண்ணன்மார் இரண்டு பேரையும் கொன்றுவிட்டார்களாம். ஊர்க்காரர்கள் இவரை மட்டும் மீன் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்துக் கப்பலேற்றினார்களாம். பெரியண்ணன் இந்த இடத்தில் மட்டும் எதையும் சேர்க்கவில்லை.

இன்றிலிருந்து எழுத்தைச் சாய்த்து எழுதப் பழகுகிறேன். வேறு காரணம் இல்லை. அழகாக இருக்கும் என்றுதான்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

துணி துவைத்தேன். அப்பாவுக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டு போனேன். வழியில் ஞானம்மா வந்தார், வாத்தியாரின் மனைவி. நான் ரப்பர் மரங்களுக்குள் இறங்கிச் சுற்றிப் போனேன். அந்த வழியில் நிழல் அதிகம்.

27 ஆகஸ்ட், திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். அத்தை இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் கிழங்குச் சட்டியோடு அத்தை பங்களாவுக்கு வந்தாள். அங்கே ஒரு படைவீரனுக்குப் பல்வலி. கன்னம் இளநீர் மாதிரி வீங்கியிருந்தது. தளபதி அவனைப் படிக்கட்டில் உட்காரவைத்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார். முகத்துக்கு நேரே இடது கையால் ஒரு சொடுக்குப் போட்டார். அவன் அந்தக் கையைப் பார்த்த நேரத்தில் வலது கை வேலையை முடித்துவிட்டது.

அத்தை சட்டியைக் கீழே வைத்தாள்.

"அடேய், பல்லுப்புடுங்கி!"

காவலுக்கு நின்றவன் துப்பாக்கியைக் கொஞ்சம் தூக்கினான்.

"சைக்கிள்ல செவப்புத் துணி விரிச்சு, ஊரான் பல்லையெல்லாம் கண்ணாடிப் பொட்டியில வச்சுக்கிட்டு லயம் லயமா வருவியே, அவன்தானே நீ? சண்டைக்கு அஞ்சு வருசம் முந்தி! எனக்கு வலிச்சது வலப்பக்கம். நீ புடுங்கினது இடப்பக்கம். நல்ல பல்லுடா அது! முறுக்கு கடிச்ச பல்லு!"

பெரியண்ணன் வெளிறிப்போய் மலாயில் ஆரம்பித்தார்: "உங்கள் மருத்துவத் திறமையை…"

தளபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு தமிழில் சொன்னார்: "அம்மா, நீங்க அன்னைக்குத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க."

அத்தை தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் பேசியவர் பெரியண்ணன்தான். "தோழர், மூணு வருசமா உங்களுக்கு நான் தமிழ் மொழிபெயர்க்கிறேனே. எதுக்கு?"

"நீ பேசுற நேரத்துல நான் யோசிப்பேன்" என்றார் தளபதி. "நீ நிறைய பேசுவே. எனக்கு நிறைய நேரம் கெடைக்கும்."

28 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று அத்தை பதினொரு வீட்டில் காப்பி குடித்தாள்.

29 ஆகஸ்ட், புதன்

பெரியண்ணன் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறார். தளபதி நேராகவே தமிழில் சொல்கிறார். அது பல் பிடுங்கப் படித்த தமிழ். "வாயத் தொற", "துப்பு", "ஒண்ணும் ஆவாது" என்பவை சுத்தமாக வருகின்றன. புரட்சியைச் சொல்லத்தான் திணறுகிறார்.

பல் பிடுங்கியதையும் எழுதச் சொன்னார். பெரியண்ணனால் தாங்க முடியவில்லை.

"தோழர், இது வரலாறு! சீனாவுல பத்தாயிரம் மைல் நடந்தவர்னு ஜனங்க நம்புது."

"நான் நடக்கல. சைக்கிள்."

"சொன்னா என்ன கொறஞ்சா போவுது?"

"அந்தம்மா எல்லா வீட்டுலயும் சொல்லிட்டாங்க. இப்ப நான் மறைச்சா பல்லு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். எழுது. வலது, இடது, ரெண்டையும் எழுது."

எழுதினேன். பல் பிடுங்கப் போன இடத்திலெல்லாம் தொழிலாளிகள் வாயைத் திறந்தார்கள், வலியோடு சேர்த்து மற்றதையும் சொன்னார்கள், அப்படித்தான் தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேர்த்தேன் என்றார். ரயில் பாலத்தை உடைத்தது, காய்ச்சலில் பதினேழு பேரை இழந்தது, மழைக்காலம் முழுக்கக் கீரைத்தண்டு தின்றது எல்லாம் எழுதினேன். பிறகு பக்கத்துத் தோட்டத்துக் கிராணிக்கு வந்தார்.

"மக்கள் கையைத் தூக்கினாங்க. நான் உத்தரவு குடுத்தேன். மூணு நாள் கழிச்சு வேற ஒரு ஆள் வந்து, கிராணி ரெண்டு குடும்பத்தைக் காப்பாத்தினான்னு சொன்னான்."

பென்சில் நின்றது.

"எழுது" என்றார். "விசாரணையில அந்த ஆள் பேசல. பயம். அதையும் எழுது."

அதையும் எழுதினேன். பெரியண்ணன் எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

30 ஆகஸ்ட், வியாழன்

தளபதி என் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பினார். முதல் நாள் தாளில் மேலே நான்கு வரி நிமிர்ந்த எழுத்து. அதற்குப் பிறகு எல்லாம் சாய்ந்தது.

"எழுத்துக்குக் காய்ச்சலா? எல்லாம் படுத்துக்கிச்சு."

நான் சிரிக்க முயன்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பழுத்த தாளை எடுத்து அந்த நான்கு வரிக்குப் பக்கத்தில் வைத்தார். தோட்ட அலுவலகத்தில் கிடைத்ததாம். நாற்பது பெயர்கள்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பெரியண்ணன்தான் படிப்பான். ஆனா பல்லு பாத்த கண்ணு இது. எந்தப் பல்லு எந்த வாயிலேர்ந்து வந்ததுன்னு சொல்லிடுவேன்."

நான் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை உங்கப்பா 'நான்தான் எழுதினேன்'னு சொல்வாரு. இப்பவும் அதையேதான் சொல்றாரு. நான் கேப்பேன். ஜனங்க கையைத் தூக்குவாங்க." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "போய் சாப்பிடு. மூஞ்சி செத்துக் கிடக்கு."

வீட்டுக்கு வந்து பானைகளையெல்லாம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்தவற்றையும் தேய்த்தேன். அத்தை, "யாரு வீட்டு விசேசம்?" என்று கேட்டாள்.

31 ஆகஸ்ட், வெள்ளி

கொட்டகைப் பலகை இடுக்கு வழியாகக் கிழங்கைக் கொடுத்தேன்.

"அப்பா, அன்னைக்கு நடந்தத நான் சொல்லிடட்டுமா?"

"என்னைக்கு நடந்தத? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. உனக்கும் இல்ல."

"உங்களுக்குத்தான் எழுதத் தெரியாதேப்பா."

"எவன் சொன்னான்? இங்க பாரு."

உள்ளே பலகையில் ஆணியால் கீறி வைத்திருந்தார். தன் பெயரின் முதல் எழுத்து. ஐந்து நாளாகப் பழகுகிறாராம். அந்த 'அ' மல்லாந்து கிடந்தது.

"நல்லா இருக்கா?"

நல்லா இருக்குப்பா என்றேன்.

1 செப்டம்பர், சனி

மழை. ஒன்றும் நடக்கவில்லை. மூன்று தடவை ஞானம்மா வீடு வரை போனேன். மூன்று தடவையும் அவர் வீட்டில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

2 செப்டம்பர், ஞாயிறு

திடலில் முழுத் தோட்டமும் இருந்தது. நான் பெண்கள் வரிசையில் கடைசியில், அத்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அத்தையின் முதுகு பெரியது.

முதலில் தளபதியின் வாழ்க்கையைப் பெரியண்ணன் வாசித்தார். பல்லைப் பற்றி வந்தபோது எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று வாயைத் திறந்து இடப்பக்கத்தைக் காட்டினாள். கிராணியைப் பற்றி வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேட்டி அழுக்கு. தாடி முளைத்திருந்தது. பெரியண்ணன் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். முதல் பத்துப் பெயருக்கும் ஆங்காங்கே அழுகைச் சத்தம். பதினோராவது பெயர் மூக்கன்.

"எந்த மூக்கன்?" என்று ஒருவர் கேட்டார். "அஞ்சாம் லயத்து மூக்கனா? அவன் சப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டானே."

இன்னும் கொஞ்சம் தள்ளி நொண்டி சின்னையா. அவனும் செத்தவன். எட்டுப் பேர் அப்படி. கூட்டம் இரைய ஆரம்பித்தது.

"ஆமா" என்றார் அப்பா. "செத்தவன் பேரப் போட்டேன். லாரி வந்து எண்ணினப்ப எட்டு ஆளு கொறஞ்சுது. சப்பான்காரன் கண்ணுல பட்ட எட்டுப் பேர ஏத்திக்கிட்டான். நான் யாரையும் கைகாட்டல. ஆனா எழுதினது நான்தான். என் தப்புத்தான்."

ஞானம்மா முன்வரிசையில் எழுந்தார். "அப்ப செத்தவங்களுக்குப் பதிலா எம்புருசனா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "சுடுங்க" என்றது. இன்னொரு குரலும்.

தளபதி அப்பாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்தார். "எழுதிக் காட்டு."

ரப்பர் மரத்தில் பட்டை சீவும் கத்தியைப் பிடிப்பது போல் அப்பா அதைப் பிடித்தார். தாளின் மேல் மூலையிலிருந்து சரிவாக ஒரு கோடு இழுத்தார். பால் வெட்டுக்கு அது நல்ல கோடு. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அப்படியானால் யார் எழுதியது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

நான் எழுந்தேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிடியை விடுவித்துக்கொண்டு முன்னால் போனேன். இருபது அடி இருக்கும். அதற்குள் இரண்டு முறை தடுக்கியது.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"சத்தமா" என்றார் தளபதி.

"நான்தான் எழுதினேன். அப்ப எனக்குப் பதினாலு வயசு. அப்பா நாப்பது பேரு சொன்னாரு, எல்லாம் உசுரோட இருக்கிற ஆளுங்க. அதுல எட்டுப் பேர மட்டும் மாத்திட்டேன். செத்தவங்களக் கொண்டு போக முடியாதுன்னு நெனச்சேன். அப்பாகிட்ட சொல்லல. ஆள எண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. லாரி வந்த அன்னைக்குத்தான் அப்பாவுக்கே தெரியும். அப்ப அவர அடிச்சாங்க. அவரு என் பேரச் சொல்லல. வாத்தியார் பள்ளிக்கூட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு. நான் உள்ள இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்."

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

"உங்கப்பா சொன்ன அந்த எட்டுப் பேர் யாரு?" என்று தளபதி கேட்டார்.

அவர்களில் ஐந்து பேர் அந்தத் திடலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "சுடுங்க" என்று முதலில் சொன்னவரும் அவர்களில் ஒருவர்.

"சொல்ல மாட்டேன்."

"நான் கேக்குறேன்."

"தெரியும். சொல்ல மாட்டேன்."

தளபதி பெரியண்ணனிடமிருந்து பட்டியலை வாங்கி மடித்தார். பிறகு ஞானம்மாவின் பக்கம் திரும்பினார். பாதிக்கப்பட்ட குடும்பம்தான் முதலில் பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

ஞானம்மா என் அருகில் வந்தார். அடிப்பார் என்று நினைத்து நின்றேன். அடிக்கவில்லை.

"ரெண்டு வருசமா என்னக் கண்டா மரத்துக்குள்ள பூந்து ஓடுறியே, இதுக்குத்தானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலையசைத்தேன்.

"வெயிலுக்கு ஓடுறேன்னுல்ல நெனச்சேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவங்கப்பன சுட்டா எம்புருசன் ரயிலேறி வந்துருவாரா? இவ எட்டுப் பேரு உசுரக் காப்பாத்தினா, எட்டுப் பேரு உசுர எடுத்தா. அத நான் கூட்டிக் கழிக்க மாட்டேன், கர்த்தர் பாத்துக்குவாரு. எனக்குப் பள்ளிக்கூடம் தொறக்கணும். புள்ளைங்க ஆட்டுக்குட்டியாட்டம் திரியுதுங்க. அவரு வர்ற வரைக்கும், வராட்டி வேற வாத்தியார் வர்ற வரைக்கும், இவ நடத்தட்டும்."

"எனக்கு அஞ்சாம் வகுப்புப் பாதிதான் தெரியும்" என்றேன்.

"அவங்களுக்கு அதுவும் தெரியாது."

அதற்குச் சம்மதம் சொல்லிக் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் இல்லை. பெரியண்ணன் எண்ணினார், போதுமானவை இருந்தன. அப்பாவுக்குக் கங்காணி வேலை இனி கிடையாது. எல்லோரோடும் பால் வெட்ட வேண்டும். அப்பா தலையாட்டினார். பென்சில் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

3 செப்டம்பர், திங்கள்

காலையில் படை கிளம்பிவிட்டது. வெள்ளைக்காரர்களின் கப்பல் பினாங்குக்கு வந்துவிட்டதாம். தளபதியின் வாழ்க்கை ஒன்பதாவது தாளில் நிற்கிறது. மிச்சத்தை அவர் இனிமேல்தான் வாழ வேண்டும் என்று பெரியண்ணன் சொன்னார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் அளவோடு இருந்தது.

புறப்படும் முன் தளபதி எங்கள் லயத்துக்கு வந்தார். அன்றைக்குப் பிடுங்காமல் விட்ட பல் இன்னும் இருந்தால் சும்மாவே பிடுங்கித் தருவதாக அத்தையிடம் சொன்னார்.

"வலதா இடதா, சொல்லு பாப்போம்" என்றாள் அத்தை.

தளபதி யோசித்தார். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் சிரித்த சத்தம் கேட்டது.

எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். கோழிகளை விரட்டினேன். பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஞானம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வந்தவர்களின் பெயரையெல்லாம் ஒரு தாளில் நிமிர்ந்த எழுத்தில் எழுதினேன். எழுதியதும் ஒவ்வொருவரையும் தலை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு எழுந்து நின்று, முதல் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.